பொன்னுரங்கத்தின் நெஞ்சுச் சத்தம்

வெள்ளிமலைக்குப் போகும் காலைப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் பொன்னுரங்கம் அண்ணன் உட்காருவார். பக்கத்து இடம் என்னுடையது. மலைமேல் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர், அவர் ஆய்வக உதவியாளர். கள்ளக்குறிச்சியிலிருந்து போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். நாலு வருஷம் இப்படித் தோளோடு தோள் உரச உட்கார்ந்து போனால் ஒரு மனிதருடைய வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக நம் காதில் விழுந்துவிடும். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேற ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடியில் பனி வந்து படியும். அவருக்குப் பேச்சு வருவது அப்போதுதான். பாதித் தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, கண்ணை வெளியே விட்டுவிட்டு, மெதுவாகப் பேசுவார். அப்படிக் கேட்டதையும் நானே பார்த்ததையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவருடைய ஊர் கோமுகி ஆற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன கிராமம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கரும்பு. அப்பா ஆதிமூலத்துக்கு மூணு ஏக்கர் நிலம். அம்மா பேர் அமிர்தம். பொன்னுரங்கத்துக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, நாலு வயதில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டது. அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவர் இவர்.

ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பல், கண், நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். டாக்டர் இவருடைய நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவேயில்லை. திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டார். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பிச் சொன்னார்: "நெஞ்சுல ஒரு சத்தம் ஜாஸ்தியா கேக்குது. அநேகமா ஒண்ணும் இருக்காது. எதுக்கும் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காமிச்சிடுங்க."

"அநேகமா ஒண்ணும் இருக்காது" என்ற வார்த்தைகள் பள்ளிக்கூட வாசலிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டன. டீக்கடையில் யாரோ ஒருத்தர், நெஞ்சில் சத்தம் வந்தால் அது ஓட்டைதான் என்று சொல்லியிருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஆதிமூலத்தின் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று ஊர் முழுக்கப் பேச்சு.

பாண்டிச்சேரிக்கு அவர்கள் போகவே இல்லை. முதல் தடவை கிளம்ப இருந்த அன்றைக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்துவிட்டது. ரெண்டாவது தடவை சட்டையெல்லாம் போட்டு ரெடியாக நின்றபோது அம்மா கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்ச அறுத்துப் பாப்பாங்களாம். ஒண்ண எடுத்துக் குடுத்துட்டன். இதையும் குடுக்க மாட்டன். என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். ஓடாம ஆடாம இருந்தா போதும், நான் பாத்துக்கறன்."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வருஷா வருஷம் கூழ் ஊற்றினாள்.

அன்றிலிருந்து பொன்னுரங்கம் ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது, மரம் ஏறக்கூடாது, வாய்க்காலில் இறங்கக்கூடாது. அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து வாத்தியாரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டு பீரியட் வந்தால் வாகை மரத்தடியில் உட்காருவார். இருபது பையன்களின் செருப்பும் டிபன் பாக்ஸும் அவர் காவலில் இருக்கும். யார் எத்தனை பாயிண்ட் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டு எண்ணுவது அவர் வேலை. பையன்கள் அவருக்கு வைத்த பேர் முட்டை. தொட்டால் உடைந்துவிடும் என்று.

"அடிச்சிருந்தா, கிண்டல் பண்ணியிருந்தாகூட கோவப்பட்டிருப்பேன் சார்," என்றார் ஒருநாள். "அவனுங்க ரொம்ப நல்லவனுங்க. எங்கிட்ட வந்து மோதிடக்கூடாதுன்னு சுத்திகினு ஓடுவானுங்க. நான் ஒக்காந்துருக்கற எடத்துக்கு முன்னாடி வந்ததும் எல்லாரும் கொஞ்சம் மெதுவாயிடுவானுங்க. அதான் தாங்காது."

ஓட்டமெல்லாம் கனவில்தான். மார்கழியில் வெட்டாமல் நிற்கும் கரும்பு பூ விடும். ஊரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு மேலே ஒரு படுதா விரித்த மாதிரி இருக்கும். காலைப் பனியில் எது பூ, எது பனி என்று தெரியாது. அந்தப் பூவுக்கு மேலே அவர் ஓடுவாராம். காலுக்குக் கீழே பூ அமுங்கும், திரும்ப எழும்பும். அப்பா வயல் தாண்டி, ஏரி தாண்டி, நீலமாகக் கிடக்கும் கல்வராயன் மலை வரைக்கும் ஓடுவார். மூச்சே வாங்காது. மலையடிக்கு வந்ததும் விழிப்பு வந்துவிடும். எழுந்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பதினாலு வயதில் ஒரு தடவை நிஜமாகவே ஓடிப் பார்த்தார். மத்தியான நேரம். அப்பா ஆலைக்குப் போயிருந்தார், அம்மா நாற்று நடப் போயிருந்தாள். வாய்க்கால் கரையில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். முப்பது நாற்பது அடி வைத்திருப்பார். நெஞ்சு திம்திம் என்று அடிக்க ஆரம்பித்தது, காதுக்குள் கேட்டது, தொண்டை காய்ந்தது. ஓட்டை கிழிகிறது என்று நினைத்தார். அப்படியே கரைப் புல்லில் மல்லாந்து படுத்து, சாவதற்காகக் காத்திருந்தார். மேலே ஒரு மேகம் ரொம்ப மெதுவாக நகர்ந்து போயிற்று. அது தென்னை மரத்தைத் தாண்டுவதற்குள் செத்துவிடுவோம் என்று கணக்குப் போட்டார். மேகம் தாண்டிவிட்டது. நெஞ்சும் அடங்கிவிட்டது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஓடவும் இல்லை.

ஓடிப் பழகாத யாருடைய நெஞ்சும் அப்படித்தான் அடிக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

உட்கார்ந்தே வளர்ந்தவருக்குப் படிப்பு வந்தது. பி.எஸ்சி. முடித்தார். ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. வேலையில் சேர உடல்தகுதிச் சான்று வேண்டும். அன்றைக்கு வெளியே பெரிய கூட்டம். கையெழுத்துப் போட்ட டாக்டர் பேரைக் கேட்டார், உயரம் எடை எழுதினார், நெஞ்சில் குழாயை வைக்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. பெண் பார்க்கப் போனபோது மட்டும் மறைக்காமல் சொன்னார்: "எனக்கு நெஞ்சு வீக்குங்க." செந்தமிழ்ச்செல்வி அதைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். அவர்களுக்கு ஒரே பெண், இசைவாணி.

முப்பத்தெட்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. அடுத்த வருஷம் பிரஷர். எங்கள் பள்ளிக்கு மாறுதலாகி வந்தபோது, பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளி மேட்டுக்கு ஏறுவதற்குள் ரெண்டு இடத்தில் நிற்பார். கொய்யா மரத்தடியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. மலைப் பிள்ளைகள் அவரைத் தாண்டி, பையைக் குலுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே ஏறிப் போவார்கள். சிலர் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தியிடம், "இவ்ளோ தூரம் நடக்கறியே, கஷ்டமா இல்லியா?" என்று கேட்டார். அவள் நின்று யோசித்துவிட்டு, "பஸ் வுட்டா பஸ்லதான் சார் வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாள் சிரித்தார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, ஐப்பசி மாதம். நல்ல மழை. புதிதாக வந்த கண்ணாடிக் குடுவைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியவர், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். ஒரு குடுவைகூட உடையாமல் வைத்தார். அப்புறம் அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "வந்துடுச்சி சார்," என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஜீப்பைப் பிடித்து, மழையிலேயே கீழே இறக்கினேன். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பயந்த முகமே இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்த மாதிரி அமைதியாக இருந்தார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, ரத்தம் பார்த்து, மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் எக்கோ எடுக்கும் அறைக்கு அவரோடு நானும் போனேன். சின்ன வயது பெண் டாக்டர்.

"ஏற்கெனவே நெஞ்சுல ஏதாவது கோளாறு இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ஓட்ட இருக்குதுங்க மேடம். ஆறு வயசுல கண்டுபுடிச்சாங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்க்க ஆரம்பித்தார். சாம்பல் நிறத்தில், தண்ணீருக்கடியில் ஏதோ வாயைத் திறந்து மூடுகிற மாதிரி அவருடைய இதயம் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லித் திரும்பவும் பார்த்தார். கடைசியில் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்க. இங்க சுவர் இருக்கு இல்லியா? இதுல ஓட்டை இல்லங்க."

"மூடிக்கிச்சிங்களா?"

"மூடின தடமே இல்ல. எப்பவும் இருந்ததில்லன்னுதான் நெனைக்கிறேன். நெறைய புள்ளைங்களுக்கு ரத்தம் ஓடற சத்தம் கொஞ்சம் கூடுதலா கேக்கும். அது நோயே கெடயாது. வளர வளரப் போயிடும். உங்களுக்கும் அதுவாதான் இருந்திருக்கணும்."

பொன்னுரங்கம் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அந்த வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் ஓடியிருக்கலாங்களா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் தாழ்ந்தது. "தாராளமா ஓடியிருக்கலாங்க."

பசையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டரே பேசினார்: "நேத்து வந்த வலிக்குக் காரணம் பிரஷர், சர்க்கரை, இந்த எடை. அதோட உங்க நெஞ்சுக்கும் சதைக்கும் வேலையே குடுத்ததில்ல. எலும்பு, சதை, நெஞ்சோட பலம், இதையெல்லாம் ஒடம்பு சின்ன வயசுலதான் சேத்து வெக்கும். பதினெட்டு இருபது வயசு வரைக்கும் ஓடி ஆடிச் சேத்தது, நாப்பது அம்பதுல நம்மளத் தாங்கும். உங்களுக்கு அந்தச் சேமிப்பு கம்மியா இருக்கு. அதுக்காக இப்ப ஒண்ணும் ஆகாதுன்னு இல்ல. நடங்க. மெதுவா ஆரம்பிங்க." பிறகு கேட்டார்: "புள்ளைங்க இருக்காங்களா?"

"பொண்ணுங்க. ஏழாவது."

"நல்லா வெளையாடுறாளா?"

அவர் துணியை நாலாக மடித்தார். "வெளையாட்டு பீரியட்ல ஒக்காந்துக்கும்ங்க. நான்தான் லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன்."

அந்த லெட்டர் விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இசைவாணிக்குத் தூசி பட்டால் கொஞ்சம் இருமல் வரும். பெரிய மனுஷியாகிற வயது, வெயிலில் அலைய வேண்டாம் என்று செந்தமிழ்ச்செல்வி அக்கா சொல்ல, ஒவ்வொரு பருவத்துக்கும் இவர் தம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: என் மகளுக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏழு லெட்டர்.

வெளியே வராந்தா பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டு, வெயில் ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் சார்," என்றார். பிறகு ஒரு டீ கேட்டார், சர்க்கரை போடாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனார். அம்மாவுக்கு இப்போது எழுபதுக்குப் பக்கம். அப்பா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். போகும்போது வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம். கோபமான வாக்கியம். அது என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. அம்மா முறத்தை மடியில் வைத்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ம்மா, ஆஸ்பத்திரில பாத்தாங்க. எனக்கு நெஞ்சுல ஓட்ட இல்லியாம்."

அம்மா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மூடிட்டாளா? ஆத்தா மூடிட்டாளா கண்ணு?" முறத்தை இறக்கி வைத்துவிட்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணி. தயாராக வைத்திருந்த வாக்கியம் இவர் வாயிலேயே கரைந்து போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் மல்லாட்டை உரித்தார். சோறு சாப்பிட்டார். கொஞ்சம் தூங்கினார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டார். "எப்ப மூடிச்சின்னு டாக்டரம்மா சொல்லிச்சா?"

இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது இருந்ததே இல்லம்மா."

"அப்ப உன்ன நான் சும்மாவா ஒக்கார வெச்சன்?"

"நீ ஒக்கார வெக்கலன்னா நான் படிச்சிருக்க மாட்டேம்மா."

"பொய் சொல்லாத."

அம்மா கிட்டே வந்தார்.

"அந்தப் புள்ள மாதிரி நீயும் பூடுவியோன்னு பயந்தன்டா. வேற ஒண்ணும் தெரியல எனக்கு."

"தெரியும்மா," என்றாராம். அம்மா அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துச் சட்டையைத் தடவிவிட்டார். பஸ் வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை இசைவாணியின் பள்ளிக்கூடத்துக்கு எட்டாவது லெட்டர் எழுதினார். மகள் எல்லாப் பிள்ளைகளையும் போல விளையாட்டு வகுப்பில் கலந்துகொள்ளலாம், ஏற்கெனவே கொடுத்த கடிதங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. வீட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை.

"இன்னாங்க இது, நல்லா இருக்கற புள்ளய வெயில்ல தள்றீங்க? இருமிகினு வந்து நின்னா யாரு பாக்கறது?" என்றார் செந்தமிழ்ச்செல்வி அக்கா.

"டாக்டரு கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன் செல்வி. இந்த இருமலுக்கு ஒக்கார வேணாம்னாங்க. ஒக்காந்தே இருந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். நான் ஒக்காந்து பாத்துட்டேன்."

அக்கா அதோடு விட்டுவிட்டார். ஆனால் மகள் விடவில்லை. "நான் போவ மாட்டேன்பா. எனக்கு ஓடவே வராது. எல்லாரும் சிரிப்பாங்க."

அவருக்கு அது எதிர்பாராத அடி. லெட்டர் கொடுத்தால் பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும் என்று நினைத்திருந்தார். தொட்டால் உடைந்துவிடுவோம் என்று அவளும் நம்ப ஆரம்பித்திருந்தாள். பள்ளியில் போய் விசாரித்தபோது, விளையாட்டு பீரியடில் பாதி நாள் கணக்குதான் நடக்கிறது என்று தெரிந்தது. இவர் ஒருவரே போய்க் கேட்டால் ஆகாது என்று, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். வாழ்க்கையில் மேடைப் பேச்சு என்று பேசியது அது ஒன்றுதான், மூன்று நிமிஷம். "எம் பொண்ணு கணக்குல மார்க் கொறைஞ்சா டியூஷன் வெச்சிக்கறேங்க. ஆனா பன்னெண்டு வயசுல ஓடாதத நாப்பது வயசுல எந்த டியூஷன்ல போய்க் கத்துக்க முடியும்?" நாலைந்து அம்மாக்கள் ஆமாம் என்றார்கள். வாரத்தில் ரெண்டு பீரியட், கணக்குக்குக் கொடுக்காமல் காப்பாற்றப்பட்டது. ரெண்டுதான்.

மகளைத் தனியாக அனுப்ப முடியாது என்று, காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். பொழுது விடியும் நேரம், ஊர் இன்னும் முழுசாக முழிக்காமல் புகை மாதிரி ஒரு மூட்டத்தில் கிடக்கும். மைதானத்தில் யார் யாரோ வட்டம் சுற்றிக்கொண்டிருப்பார்கள், முகம் தெரியாது, நடை மட்டும் தெரியும். முதல் வாரம் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்தாள். ரெண்டு சுற்று முடிந்தால் அப்பாவும் பெண்ணும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே கல்லில் உட்காருவார்கள். யார் முதலில் உட்காருவது என்பதில்தான் போட்டி.

அவள் மாறியது அப்பாவால் இல்லை. வகுப்பில் கோ-கோ ஆட ஒரு ஆள் குறைந்தது. தைலம்மாள் என்ற அவளுடைய சிநேகிதி, "நீ சும்மா எம் பக்கத்துல குந்திகினு இரு, யாராவது முதுகுல தட்டி 'கோ'ன்னா எழுந்து ஓடு, அவ்ளோதான்," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். உட்கார்ந்திருப்பதுதானே, அது தெரியும் என்று இவளும் போனாள். முதுகில் தட்டு விழுந்ததும் என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. எழுந்து ஓடிவிட்டாள். விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது. இருமினாள். தண்ணி குடித்துவிட்டுத் திரும்பப் போய்க் குந்தினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா டெட்டால் போடும்போது கத்திக்கொண்டே சிரித்தாளாம்.

அதற்கு அடுத்த தை மாதம். வெள்ளிமலையில் அன்றைக்குச் சாயங்காலம் இறங்கிய பனி, பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாத பனி. நான் முன்னாலேயே போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அண்ணன் அமில பாட்டில்களைப் பூட்டி வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து முதலில் ஒரு பை வந்தது, அப்புறம் ஒரு கை, அப்புறம் பொன்னுரங்கம் அண்ணன். ஓடி வந்துகொண்டிருந்தார்.

நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. இன்னும் ரெண்டு விநாடி பார்க்கவேண்டும் போல இருந்தது. கை கால் எல்லாம் ஒழுங்கில்லாமல், குடை மடக்குவது மாதிரி, ஓட்டம் என்று சொல்லவே முடியாத ஒரு ஓட்டம். தரையில் கால் படுகிற சத்தம்கூடப் பனியில் கேட்கவில்லை. வளைவில் டிரைவரே வண்டியை மெதுவாக்கினார். கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார். "இன்னா சார், கூப்ட்டிருந்தா நின்னிருப்பமே," என்றார்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். பேச வரவில்லை. சட்டை முழுக்கப் பனி ஈரம். என் கையை எடுத்துத் தம் நெஞ்சில் வைத்தார். உள்ளே திம்திம் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான் அடிக்குமா சார்?"

"ஓடினா எல்லாருக்கும் இப்படித்தான்ண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். வண்டி ஒவ்வொரு வளைவாகக் கீழே இறங்க இறங்க அந்த அடி மெல்ல மெல்ல அடங்குவதை, நல்ல பாட்டு முடிவதைக் கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தார். பாதி மலை வந்ததும் பனி விலகி, கீழே சமவெளியில் விளக்குகள் ஒன்றிரண்டாகத் தெரிந்தன. அவர் தூங்கிப் போயிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரைகள் நாலிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். முழங்கால் வலி உண்டு. உட்கார்ந்தே வளர்ந்த கால், திடீரென்று வேலை வைத்தால் முனகத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு கிலோ இறங்கியவர், போன தீபாவளிக்கு மூன்று கிலோ ஏற்றிக்கொண்டார். பள்ளி மேட்டில் இப்போது கொய்யா மரத்தடியில் நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கிறார், அதுவும் எனக்காகத்தான் என்கிறார்.

இசைவாணி இப்போது ஒன்பதாவது. பள்ளி கோ-கோ அணியில் இருக்கிறாள். போன மாதம் உளுந்தூர்பேட்டையில் போட்டி. அண்ணன் லீவு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்.

"தோத்துட்டாங்க சார். மொத ஆட்டத்துலயே. அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சி."

"இசைவாணி எப்படி?"

"ரெண்டு பேர தொட்டா. ஒருவாட்டி தப்பா எழுந்து ஃபவுல் ஆச்சி. தைலம்மா திட்டிச்சி, இதுவும் திருப்பித் திட்டிச்சி. வர்ற வழியில ரெண்டும் சேந்து ஆளுக்கு மூணு பரோட்டா தின்னுச்சிங்க. வூட்டுக்கு வந்ததும் எங்கம்மாவுக்கு போன் போட்டு, 'ஆயா, நாங்க தோத்துட்டோம்'னு ஏதோ பரிசு வாங்கின மாதிரி கத்துது."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'எவ்ளோ தூரம் ஓடின?'ன்னு கேட்டாங்க."

கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் மலைக்குப் போகும் நாலு பெண்கள் கூடைகளோடு ஏறினார்கள். அண்ணன் எழுந்து, ஒரு கூடையை வாங்கி மேலே கம்பித் தட்டில் வைத்தார். வண்டி கிளம்பியது. அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் வளைவு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.